கிழிந்த காதும் முந்திய கதையும்

சேர்,

கடையின் மேல்மாடியைக் காலி செய்தபோது ஒரு கசெட் பெட்டி கிடைத்தது. திறந்ததும் பூஞ்சணம் பிடித்த நாடாவின் வாசம். உள்ளே நான்காக மடித்த ஒரு துண்டுக் கடதாசி. அலுவலகத்தில் வரைபடம் போடுகிற உங்கள் நேரான பென்சில் எழுத்து: "ஓநாயோடு சண்டையிட்டபோதுதான் கரடிக்குட்டியின் காது கிழிந்தது. இது அதற்கு முந்திய கதை. இதில் காது ஏற்கனவே கிழிந்திருக்கிறது. எப்படி?"

இப்போது அதே கடையில் கைத்தொலைபேசிச் சாமான் விற்கிறேன். அன்று வீடியோக் கடை. ஒரு கார்ட்டூன் படம் நன்றாக ஓடிவிட்டால், அதற்கு முன்னால் நடந்தது என்று வீடியோவுக்கு மட்டும் இன்னொரு படத்தை மலிவாக எடுத்து அனுப்புவார்கள். நான் ஒரு கசெட்டை வாங்கி, திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு வீடியோ டெக்கை வைத்து அனுமதியில்லாமல் பத்துப் பிரதி எடுப்பேன். நீங்கள் மகளுக்கென்று எடுத்துப் போவீர்கள். அவள் பாதியில் எழுந்து விளையாடப் போய்விடுவாள், கடைசி வரை பார்ப்பது நீங்கள். திருப்பித் தரும்போது பெட்டிக்குள் ஒரு துண்டு இருக்கும்.

முதல் படத்தில் அந்தக் குட்டி கடலைக் கண்டு இது என்னவென்று மிரளும். முந்திய கதையிலோ, அதைவிடச் சின்னதாக இருக்கும்போதே கடற்கரையில் நண்டு பிடித்து விளையாடும். நீங்கள் இதை உண்மையான கோபத்தோடு சொன்ன நாள் நினைவிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் பார்க்கிற படத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று சிரித்தேன்.

"பிள்ளையள்தான் முதல்ல பாப்பினம், முதலாளி. முன்னம் நடந்ததை மாத்தினா, நாங்கள் பிறகு அழுததெல்லாம் பொய்யாப் போகுமெல்லோ?"

ஆரம்பத்தில் உங்கள் துண்டுகளைக் கிழித்துப் போட்டேன். பிறகு பார்த்தால், அடுத்து அந்தக் கசெட்டை எடுத்துத் துண்டை வாசித்தவர்கள் பிழையைச் சரிபார்க்க முதல் படத்தையும் கேட்டு எடுத்துப் போனார்கள். அதன்பின் நானே உங்களிடம் பென்சிலை நீட்டினேன். வியாபாரி புத்தி.

பிறகு, நகரில் குண்டு வெடித்த அந்த வாரம். சுற்றிவளைப்பில், வடக்கிலிருந்து வந்த தமிழர் என்று உங்களைப் பிடித்தார்கள். கண்டிக்குள்ளேயே கட்டுகஸ்தோட்டையிலிருந்து மஹய்யாவைக்கு வீடு மாறி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பொலிஸ் பதிவில் அந்த மூன்று மாதம் மட்டுமே இருந்தது. கண்டியில் நான்கு வருடமாக இருக்கிறேன், வீடியோக் கடைக்காரருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஜீப் கடை வாசலில் நின்றது. நீங்கள் பின்னால் இருந்தீர்கள்.

இவரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்த என் முதல் கடை நினைவுக்கு வந்தது. திரைக்குப் பின்னால் இரண்டு டெக்கும் ஓடிக்கொண்டிருந்தன. நான் சாட்சியானால் உள்ளே வந்து பார்ப்பார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. படம் எடுக்க வருவார், இரண்டு மூன்று மாதமாகத்தான் தெரியும் என்றேன். உங்களுக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். நீங்கள் தெருவின் மறுபக்கம் பார்த்தீர்கள்.

பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். கடைசியில் உங்கள் அலுவலகத்துச் சிங்கள மேலதிகாரி தானே போய்க் கையெழுத்துப் போட்டு உங்களை வெளியே எடுத்தார்.

மறுநாள் உங்கள் மனைவி கடைக்கு வந்தார். கையில் பயத்தம் பணியாரம்.

"நீங்கள் இவருக்காகக் கதைச்சனீங்களாம், அண்ணை. இவர் சொன்னவர். இந்த ஊரில எங்களுக்கு வேற ஆர் இருக்கினம்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "அதுல என்னங்க இருக்கு" என்றுதான் வந்தது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த கிழமை நீங்கள் வந்தீர்கள். ஒரு கரடிக்குட்டியின் காதில் வந்த பிழையைக்கூடப் பொறுக்காத நீங்கள், நடந்ததையே மாற்றிச் சொல்லியிருந்தீர்கள். ஏன் சேர் அப்படிச் சொன்னீர்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

"அவ பயந்துபோய் இருக்கிறா. இந்த ரோட்டால நடந்து போக அவவுக்கு ஒரு கடையாவது வேணும்."

அவ்வளவுதான். திட்டவில்லை. மகளுக்குப் படம் எடுத்தீர்கள். அதன்பிறகு நீங்கள் வெளிநாடு போகும்வரை எந்தப் பெட்டிக்குள்ளும் துண்டு இருக்கவில்லை. நானும் பென்சிலை நீட்டவில்லை.

போன மாதம் உங்கள் மனைவி அங்கிருந்து அழைத்து, நீங்கள் காலமாகிவிட்டதைச் சொன்னார். அழுகைக்கு நடுவில், அந்த உதவியை நீங்கள் ஒருநாளும் மறக்கவில்லை என்று எனக்கு மறுபடி நன்றி சொன்னார். இப்போது ஜீப் இல்லை, திரைக்குப் பின்னால் ஒளிக்க ஒன்றும் இல்லை, எனக்கு வயதும் எழுபதைத் தாண்டிவிட்டது. இருந்தும், "அதுல என்னங்க இருக்கு" என்ற பழைய பதிலையேதான் சொன்னேன்.

உங்களுக்கு இதை எழுதுவது சுலபம் சேர், உங்களுக்கு எல்லாம் தெரியும். எழுத வேண்டியது உங்கள் மனைவிக்கு. முகவரியும் என்னிடம் இருக்கிறது.