விழத் தெரிந்தவளுக்கு

இன்று காலை ஊன்றுகோலின் அடியில் புது ரப்பர் மாட்டினேன். விரல்களில் ஒட்டிய அந்த வாசனை, ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸிலும் கூடவே ஏறிக்கொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நீ வந்துவிட்டாய். நீ இறந்துபோன பிறகு, இந்த எட்டு மாதங்களில், அழாமல் உன்னை நினைத்தது இதுதான் முதல் முறை.

ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே இருந்த அந்த இல்லத்தில் நாம் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். காலில் அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளைகளைத் தேற்றி நடக்கப் பழக்கும் இடம். எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பத்து. என் தையல் ஆறியிருந்தது. உன் இரண்டு கால்களிலும் இன்னும் மாவுக்கட்டு.

அடிபடாமல் விழக் கற்றவர்களுக்குத்தான் அங்கே சொந்தமாக ஊன்றுகோல் தருவார்கள். விரித்த மெத்தைமேல், கோல்களை இரண்டு பக்கமும் எறிந்துவிட்டு, முகத்தைத் திருப்பி, கைகளை முன்னால் நீட்டி விழ வேண்டும். ஜூனுக்குள் நான் விழாவிட்டால் ஊன்றுகோல் இல்லை, பென்னலூர்ப் பள்ளியும் இல்லை. இன்னொரு வருடம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். தெரிந்தும் முடியவில்லை. வலிக்குப் பயமில்லை. எல்லாரும் பார்ப்பார்களே என்றுதான். ஒவ்வொரு முறையும் மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டு, விழுந்துவிட்டேன் என்பேன்.

பயிற்சி தரும் அக்காவே ஒருநாள் ஏமாந்து தலையாட்டினார். நீதான் சக்கர நாற்காலியிலிருந்து கத்தினாய்.

"அக்கா, அவ எங்க விழுந்தா? பந்தியில உக்கார்ற மாதிரி உக்காந்துகினு கீறா! இலை போடுங்க!"

கூடமே சிரித்தது.

"நீ விழுந்து காட்டுடி, பெரிய இவ!" என்றேன், அழுகையோடு.

காட்டினாய். மாவுக்கட்டோடு நாற்காலியிலிருந்து மெத்தையில் தொப்பென்று உருண்டாய். அக்கா அலறிக்கொண்டு ஓடிவந்தார். நீ மல்லாந்து கிடந்தபடியே என்னைப் பார்த்தாய்.

"எல்லாரும் பாத்தாங்க. இன்னா ஆயிடுச்சு இப்ப? வாடி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கோல்களை எறிந்தேன். உன் பக்கத்தில் குப்புற விழுந்தேன்.

உன் மாவுக்கட்டில் விரிசல். மறுபடி போட்டார்கள். அதனால் உனக்கு இன்னும் சில வாரங்கள் கூடின. மே கடைசியில் என் ஊன்றுகோல்களோடு விடைபெற வந்து, என்னால்தானே என்று ஆரம்பித்தேன். நீ முடிக்க விடவில்லை.

"போடி, போய் நாலு பேர் முன்னாடி விழு."

இப்போது கம்பெனியில், எங்கள் பிரிவின் உற்பத்தி வரிசையை நடத்தும் லைன் லீடர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆறு வருடமாக ஒரு மூலையில் உதிரிபாகங்களைச் சோதித்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமலிருப்பதே நிம்மதி என்று இருந்தவள் நான். நேற்று பெயர் கொடுத்துவிட்டேன். தேர்வுக்கு வேலையைச் செய்து காட்டச் சொல்வது ஓடுகிற லைனில், எல்லார் முன்னாலும். தோற்றால் ஷிஃப்டு முழுக்கத் தெரிந்துவிடும்.

தெரியட்டும்.