பேத்தியின் மூக்கும் பட்டறையின் காதும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு மூக்குத் துவாரங்களிலும் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டு நலமாக இருக்கிறோம், அங்கே பேத்தியும் அப்படியே விட வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

நீ போன மாதம் பதிவு செய்து அனுப்பிய அவளுடைய மூச்சுச் சத்தத்தைப் பட்டறையில் போட்டுக் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே, முப்பது வருஷமாக வண்டியின் நோயைக் காதால் கண்டுபிடிக்கிறவர்கள் நாங்கள். பெரிய மெக்கானிக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஏர் ஃபில்டர் அடைச்சிருக்குங்க என்றார். வெல்டர் இல்லவே இல்லை, சைலன்சர்தான் என்று அடித்துச் சொன்னார். பேச்சு முற்றி இருவரும் மதியச் சாப்பாட்டைத் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். வண்டியைச் சர்வீசுக்கு விட வந்த தபால்காரர் என்ன மாடல் என்று கேட்டார், இரண்டு மாதம், மூன்றரைக் கிலோ என்றேன்.

பிறவியிலேயே மூக்கின் உள்வழி குறுகல், வளர வளர விரியும், அதுவரை உப்புநீர்ச் சொட்டும் மருந்துச் சொட்டும் போட்டு, பால் கொடுக்குமுன் சளியை மெல்ல உறிஞ்சி எடுங்கள், எடை ஏறாவிட்டால்தான் கத்தி என்று டாக்டரம்மா சொன்னதாக எழுதியிருந்தாயே, அதை அம்மா சுவரில் ஒட்டிவிட்டாள். நீ குழந்தையோடு வரும்போது தன் கை நடுங்கக்கூடாதாம், மூன்று வேளையும் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து உப்புநீர் விட்டுப் பழகுகிறாள். என் மூக்கு பிறந்ததிலிருந்து இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. சிரிக்கிறேனே தவிர உள்ளுக்குள் பயம்தான் மகளே, மூச்சு விடுவதா பால் குடிப்பதா என்று அந்தப் பிஞ்சு திண்டாடுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நேற்று உன் புதுப் பதிவைப் போட்டோம். சத்தமே இல்லை. ஃபோனைத் தட்டிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. எங்கள் தொழிலில் சத்தம் இல்லையென்றால் இன்ஜின் நின்றுவிட்டது என்று அர்த்தம். வெல்டர் கம்ப்ரசரை நிறுத்தினார், தெருவில் ஹாரன் அடித்தவரைப் பெரிய மெக்கானிக் ஓடிப்போய் அதட்டினார். அப்புறம்தான் கேட்டது, கடக் கடக்கென்று பால் விழுங்குகிற சத்தம், நடுவில் ஒரு திணறல்கூட இல்லாமல். வெல்டர் அழுதுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, சொன்னேன்ல, சைலன்சர்தான் என்றார், மறுபடி சண்டை.

சத்தம் அடங்கிவிட்டதென்று சொட்டு மருந்தை நீயாக நிறுத்திவிடாதே, டாக்டரம்மா சொல்லட்டும். எனக்குப் போடுவதை நிறுத்தச் சொல்லி அம்மாவுக்கு ஒரு வரி எழுது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, இனிமேல் பதிவு அனுப்பும்போது முதலில் குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று உன் வாயால் சொல்லிவிட்டு, அப்புறம் ஃபோனை அவள் பக்கம் பிடி.

இப்படிக்கு,
இன்னும் படபடப்பு அடங்காத
உன் அப்பா