ஷையென் முறையில் தந்த பெயர்

நேற்று வெள்ளவத்தையில் பழைய புத்தகங்களைப் பரப்பி விற்பவரிடம் அந்த அட்டையைக் கண்டேன். இறகு சூடிய ஷையென் பழங்குடி மனிதர், பின்னால் அமெரிக்கப் புல்வெளி. நாங்கள் ஒன்றாக வேலை செய்த கந்தோரில் உமது மேசை லாச்சிக்குள் கிடந்த அதே புத்தகம். விரித்ததும் பழைய தாளின் மணத்தோடு நீரும் வந்துவிட்டீர், தோழி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு வாசித்துச் சொல்வீர். ஷையென் என்பது அயலார் வைத்த பெயராம். பேச்சு விளங்காதவர்கள் என்று பொருளாம். தங்களை அவர்கள் அழைப்பது சிட்சிஸ்தாஸ். "எங்களைப் போல ஆக்கள் எண்டு அர்த்தமாம். எவ்வளவு வடிவு பாரும்!" அவர்களின் மொழியில் சில உயிரொலிகளைக் குசுகுசுத்துத்தான் சொல்வார்களாம். "நாங்கள் பஸ்ஸில தமிழ் கதைக்கிற மாதிரி" என்று நீர் சொல்ல, எனக்குப் புரைக்கேறிவிட்டது.

மகள் பிறந்ததும் உமது பெயரை வைக்க ஆசைப்பட்டேன். மூச்சுப் பிடித்துச் சொல்லவேண்டிய தனித்தமிழ்ப் பெயர். இவருடைய அம்மா, மாமி, சம்மதிக்கவில்லை. "செக்பொயின்ற்றில இந்தப் பேரைச் சொல்லிப் பிள்ளை மறிபட்டு நிக்கிறதே? சிங்களப் பிள்ளையளுக்கும் வைக்கிற பேராப் பாரும்." அவவின் பயத்தில் பிழையில்லை. அந்தப் பெயருக்காக எத்தனை தரம் உம்மை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்!

பெயர் வைக்கும் நாளில் பாமன்கடையில் இருந்த உமது வீட்டிலிருந்து வந்து பிள்ளையை மடியில் வாங்கினீர்.

"மாமி, ஷையென் சனத்தில ஒரு வழக்கமிருக்கு. ஒராள் தன்ர பேரைப் பிள்ளைக்குக் குடுத்தால், தனக்கு வேற பேர் எடுக்கவேணும். நான் என்ர பேரைத் தாறன். என்னை மறிச்சு மறிச்சு ஆமிக்காரருக்கும் அது பழகிப்போச்சு. பிள்ளையை விட்டிடுவாங்கள்."

மாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப உம்மை இனி என்னெண்டு கூப்பிடுறது?"

"நீங்கள்தான் வைக்கவேணும்."

மாமி உமது தலையைத் தடவினா. "எனக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லை. மகள் எண்டு கூப்பிடுறன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பழைய பெயரால் அழைத்தால் நீர் திரும்பியும் பார்க்கமாட்டீர். கொடுத்ததைக் கொடுத்ததாகவே விட்டீர். எனக்கு அந்த நெஞ்சுரம் வராது.

நோய் வருத்தம் உம்மைக் கொண்டுபோய் மூன்று வருடமாகிறது. போன மாதம் ஹெவ்லொக் டவுனில் ஆமிக்காரன் எங்களை மறித்தான். மகளின் அடையாள அட்டை புத்தம் புதியது. அவள் நிமிர்ந்து நின்று முழுப் பெயரையும் சொன்னாள். அவன் சொல்லிப் பார்த்தான், நாக்குப் புரளவில்லை. அவள் ஆறுதலாக, ஒவ்வோர் எழுத்தாக, இன்னொருக்கால் சொல்லிக் கொடுத்தாள். அவன் அட்டையைத் திருப்பித் தந்தான்.

வீட்டுக்கு வந்து உம்மை நினைத்து அழுதேன். எனக்கு இன்னும் பயம்தான். ஆனாலும் பின்னேரங்களில் பல்கனியில் நின்று, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி உமது பெயரைக் கூப்பிட்டுத்தான் அவளைச் சாப்பிட அழைக்கிறேன்.