பொய்க்குச் செருகிய வேப்பிலை

17-2-58, திங்கள்

காலையில் பனி, பிறகு சுள்ளென்று வெயில். விதைக்கடலை அரை மூட்டை உடைத்தாயிற்று. விரல் நுனியெல்லாம் எரிச்சல்.

இவர் ஆலங்குடி போய் வந்தார். 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை வள்ளியைப் பெண் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். இவர் தங்கைக்கு இது மூன்றாவது வரன். முன்னால் வந்த இரண்டு கூட்டமும் முகத்தைப் பார்த்தது, பலகாரத்தைத் தின்றது, சொல்லி அனுப்புகிறோம் என்று போனது. இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

வள்ளிக்கு இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் பரு. மற்றபடி லட்சணமான பெண். நாத்தனாரை நானே இப்படி எழுதினால் நம்பலாம்.

"மதினி, பத்து நாளுல போயிருமா?"

"போகாம எங்க போகும்?" என்றேன். எட்டாவது வரை படித்த திமிர்.

18-2, செவ்வாய்

கேட்டு வைத்த வைத்தியம்:

வேப்பங்கொழுந்து, மஞ்சள், அரைத்து. (அத்தை சொன்னது)

சங்கை உரைத்துப் பாலில் குழைத்து.

சாதிக்காய். கடையில் இல்லை. இவரிடம் சொல்ல.

சோப்பு கூடாது. பாசிப்பயற்று மாவு.

காலையில் பல் துலக்காத எச்சில். சீ. ஆனாலும் செய்கிறாள்.

கடலை தின்னக் கூடாது. கடலை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்த்தி வைத்துக்கொண்டு!

22-2, சனி

சங்கு உரைத்து நான்கு நாள். நெற்றியில் கொஞ்சம் அடங்கினாற்போல். கன்னத்தில் புதிதாக இரண்டு. கண்ணாடியைக் குப்புறப் போட்டு வைத்திருக்கிறாள். சாப்பாடு சரியாக இல்லை.

"இந்தத் தடவையும் வேணாம்னுட்டா நான் இனிமே யாரு முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன் மதினி." அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் பயமாக இருக்கிறது.

சீனி வாங்க வேண்டும், கேசரிக்கு.

25-2, செவ்வாய்

என் கையை வெட்டிப் போடலாம்.

கிணற்றடியில் யாரோ பேசிக்கொண்டார்கள், பச்சைப் பூண்டு நசுக்கி வைத்தால் பரு ஒரே நாளில் அமுங்கும் என்று. தொட்டு எடுக்கச் சொன்னார்களா, வைத்துக் கட்டச் சொன்னார்களா, கேட்கவில்லை. நான் வைத்துத் துணியால் கட்டினேன். எரிகிறது என்றாள். "எரிஞ்சாத்தான் வேலை செய்யிதுன்னு அர்த்தம், பொறு" என்றேன். பொறுத்தாள். நான் சொன்னால் பொறுப்பாள்.

அவிழ்த்தால் இரண்டு கன்னமும் வெந்து சிவந்து கொப்புளம். கற்றாழைச் சோறு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கு இன்னும் மூன்றே நாள்.

26-2, புதன்

கொப்புளம் நீர் கோத்துவிட்டது. வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினால் அவமதித்த மாதிரி. பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று பேச்சு வரும், அத்தோடு முறிந்தது. என்ன காரணம் சொன்னாலும் கோபப்படுவார்கள். ஒரே ஒரு காரணத்துக்குத்தான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். மாசி மாதம், வடக்குத் தெருவில் ஏற்கனவே இரண்டு வீட்டில் அம்மை.

சொன்னேன். அத்தை நடுங்கிப்போனார். "ஆத்தா பேருலயா பொய்? வேணாம்த்தா."

இவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே, "நீ படிச்சவ. சரியாத்தான் சொல்லுவ" என்றார்.

வாசலில் வேப்பிலையை நானே செருகினேன். வரன் கொண்டுவந்த ராமையா மாமாவுக்கு ஆள் போயிருக்கிறது.

1-3, சனி

யாரும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரி மோரைப் படியில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். அம்மை குத்துகிறவர் வந்துவிடுவாரோ என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

அத்தை பயத்தில் எல்லாம் முறைப்படி செய்கிறார். தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வண்ணானுக்குத் துணி போடவில்லை. கேழ்வரகுக் கூழ். இவர் கருவாடு கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். வள்ளி சிரித்தாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

9-3, ஞாயிறு

வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர், வள்ளிக்கு மூன்றாவது தடவையாகத் தலைக்கு ஊற்றியாயிற்று. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று கணக்கு.

கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்துவிட்டது. அதைவிட ஆச்சரியம், பருவும் பாதிக்கு மேல் இல்லை. கூழா, தண்ணீரா, வெயிலில் கடலைக் காட்டுக்குப் போகாததா, தெரியவில்லை. கண்ணாடியை அவளே நிமிர்த்தி வைத்தாள்.

என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மாமாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறது, இனி வரலாம் என்று.

14-3, வெள்ளி

ராமையா மாமா வந்தார். வாசலைத் தாண்டவில்லை. "இங்கிட்டே நிக்கிறேன்த்தா. வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்கு."

மாப்பிள்ளைக்குக் குளத்தூர்ப் பக்கம் பெண் நிச்சயமாகிவிட்டது. போன புதன்கிழமை.

"ஆத்தா வெளையாண்ட மொகம், தழும்பு விழுந்துருக்கும், காலத்துக்கும் போகாதுன்னு மாப்பிள்ளையோட அம்மா ஒத்தக் கால்ல நின்னுருச்சு. பய எவ்வளவோ சொல்லிப் பாத்தான்."

இவர் கேட்டார், "அவரு என்னத்த மாமா சொன்னாரு? பொண்ணையே பாக்கலையே?"

"பாக்காம என்ன? தைக் கடைசியில கீரமங்கலம் சந்தையில நான்தானே தூர நின்னு காட்டுனேன். மொகத்துல பரு இருக்குப்பான்னு நானே சொன்னேன். எனக்குந்தான் மாமா இருக்குன்னு தாடையத் தடவிக் காமிச்சுச் சிரிச்சான். அவனுக்குப் புடிச்சுப்போச்சு. வெள்ளிக்கெழம வாரது சும்மா தாம்பூலம் மாத்தத்தான்."

இவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். திட்டியாவது இருக்கலாம்.

இல்லை மாமா, அம்மையே இல்லை, பூண்டு, என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஆத்தா பேரில் பொய் சொன்ன குடும்பம். அப்புறம் எந்த வரனும் வராது. சொல்லாவிட்டால் அம்மை போட்ட பெண். இரண்டு பக்கமும் நான் வெட்டின குழிதான்.

மோர் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டார்.

15-3, சனி

அத்தை பேசுவதில்லை. மாரியம்மன் கோயிலுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறார். நானும் மனசுக்குள் கும்பிட்டேன், என்ன கேட்பது என்று தெரியாமலே. தப்பு என்னுடையது. என் பிள்ளையாக இருந்தால் பூண்டை இரண்டு நாழிகை கட்டி வைத்திருப்பேனா? இருப்பேன். அவ்வளவு நம்பிக்கை என்மேல் எனக்கு.

காய்ந்த வேப்பிலையை எடுத்துக் குப்பையில் போட்டேன். கை கூசியது.

16-3, ஞாயிறு

மப்பும் மந்தாரமும். கடலையை உள்ளே தள்ள வேண்டும்.

வள்ளிக்குத் தலை வாரிவிட்டேன். முகம் கழுவித் துடைத்த வெண்கலச் செம்பு மாதிரி இருக்கிறது. ஒரு பரு இல்லை. நேற்று முன்தினம் மாமா பேசினதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. பின்னலை முடித்தேன். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"மதினி, அன்னைக்குச் சந்தைக்குப் போகயில நான் என்ன சேலை கட்டியிருந்தேன்?"

ஊதா. கட்டிவிட்டது நான்தான்.