காப்புக் கட்டிய வாரத்துக் கணக்கு

குண்டனி நாடு, கொல்லிமலை
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி பிலிப்புக்கு,

அக்கா ஸ்டெல்லா எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் சுமித்ராவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

சேந்தமங்கலத்தில் நர்சுகளுக்குக் கூட்டம் நடந்தது. தட்டம்மை எந்த ஊருக்கு எப்போது பரவும் என்று கம்ப்யூட்டரில் போட்ட கணக்கைத் திரையில் காட்டினார்கள். கீழே உன் பெயர். பக்கத்திலிருந்த வளர்மதியிடம் என் தம்பி என்று பெருமையடித்துக்கொண்டேன். அப்புறம்தான் பார்த்தேன், எங்கள் மலை முழுக்கப் பச்சை. இங்கே யாரும் அதிகம் வெளியே போவதில்லையாம், நோய் மெதுவாகத்தான் வருமாம். தடுப்பூசி முகாம் முதலில் அடிவாரத்துக்குத்தான் என்றார் அதிகாரி செந்தில்நாதன்.

எப்படிடா மனசு வந்தது? யார் எத்தனை தடவை வெளியூர் போகிறார்கள் என்று நீ வீடு வீடாக விசாரித்தது, நோம்பித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த வாரம். காப்புக் கட்டினால் இவர்கள் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார்கள். நோம்பி முடிந்தால் பாதி ஊர் மரவள்ளி லோடோடு கீழே இறங்கிவிடும். அன்றைக்கே சொன்னேன். திரும்ப வந்து விசாரிக்கிறேன், அதுவரை இதைச் சேர்க்க மாட்டேன் அக்கா என்று என் கையைப் பிடித்துச் சொன்னாய். நீ வரவே இல்லை. இப்போது மெசேஜில் கேட்டால், கட்டுரை கொடுக்கக் கெடு நெருங்கிவிட்டது, ஒரு மலையால் என்ன மாறிவிடும் என்கிறாய்.

சென்னம்மாளின் மகள், நாலு வயசு ராதிகா, அம்மை கண்டு, நெஞ்சில் சளி கட்டி, நாமக்கல் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள். பக்கத்து வீடுகளிலும் காய்ச்சல். "ஏனுங்க சிஸ்டர், உங்க தம்பி எங்க ஊட்டுல களி தின்னுட்டுத்தானுங்களே எல்லாம் கேட்டு எழுதிட்டுப் போனாரு, எங்களுக்கு மட்டும் ஊசி ஏனுங்க கடைசியா?" என்று சென்னம்மாள் கேட்டாள். என்னை நம்பித்தான் உனக்குக் கதவு திறந்தார்கள். தெரியாமல் செய்திருந்தால் பொறுத்துக்கொள்வேன். தெரிந்தே செய்தாய், அதுவும் என்னைக் கூட வைத்துக்கொண்டு.

எந்த ஊருக்கு முதலில் முகாம் என்ற பட்டியலில் வியாழக்கிழமை கையெழுத்தாகிறது. நான் சொல்லிப் பார்த்தேன், நர்சு சொன்னால் கணக்கு மாறுமா என்று சிரிக்கிறார் அதிகாரி. அதற்குள் நீ அவருக்குப் போன் செய். மலைக் கணக்கு தப்பு, தெரிந்துதான் விட்டேன் என்று உன் வாயால் சொல். எனக்கு மன்னிப்பு ஒன்றும் எழுத வேண்டாம்.

அன்புடன் என்று முடிக்கக் கை வரவில்லை. கர்த்தர் அந்தக் குழந்தையின் கண்ணைத் திறக்கட்டும். உன் வாயையும்.

உன் அக்கா,
ஸ்டெல்லா