இலோனா அம்மையாரின் பன்னிரண்டு கொளுக்கிகள்

அனுப்புநர்:
திருமதி சந்திரவதனா இராஜரட்ணம்,
ரெக்ஸ்டேல், ரொறன்ரோ.

பெறுநர்:
முறைப்பாட்டு அதிகாரி,
முதியோர் வீட்டுப் பராமரிப்புச் சேவை, தமிழ்ப் பிரிவு,
ரொறன்ரோ.

விடயம்: என் பணிக் கோவையிலிருந்து ‘திருட்டு’ என்ற சொல்லை நீக்கக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. தங்கள் சேவை மூலம் இரண்டு வருடங்கள் ஹங்கேரிப் பிரபுக் குடும்பத்து இலோனா அம்மையாரைப் பராமரித்தேன். ஞாயிறுதோறும் அவரது வெல்வெட் சட்டையின் முன்புறத்தைப் பூட்டும் பன்னிரண்டு வெள்ளிக் கொளுக்கிகளையும், நீலக்கல் பதித்த வெள்ளி ஒட்டியாணத்தையும் மாட்டிவிடுவேன். அவை அழகுக்கல்ல, அந்தஸ்துக்கு. குடியானவர் அணியக்கூடாதாம். ஒன்று பிசகினாலும் கைத்தடியால் என் விரலில் அடிப்பார். தன்னைத் தொட எனக்குத் தகுதியில்லை, வேறு ஆளில்லாத குறைக்கு விடுவதாகச் சொல்வார். வயதுக்காகப் பொறுத்தேன்.

2. கடந்த மார்ச் 9ஆம் திகதி, உடுத்தி முடித்த கையோடு, உட்கார்ந்திருந்த கதிரையிலேயே காலமானார். இறந்தவர் உடலில் நகை விடுவது எங்கள் வழக்கமல்ல. ஒவ்வொன்றாகக் கழற்றி, வெள்ளைத் துணியில் முடிந்து, அவரது மகளிடம் ஒப்படைக்க என் கைப்பையில் வைத்தேன். அந்த வெள்ளியோடு அடக்கம் செய்வதே அவர்கள் வழக்கமென்று எனக்குத் தெரியாது. அந்தப் பிழை என்னுடையதுதான்.

3. மகள், துக்கத்துக்கு வந்தோர் முன்னிலையில் ‘கள்ளி இவள்தான்’ என்று சொல்லி என் பையைக் கொட்டினார். என் தாலிக்கொடியையும் இழுத்துப் பார்த்தார். தங்கள் அலுவலர் விசாரித்தபோது, “ஓம், நான்தான் கழட்டினனான்” என்றேன். அந்த ஓம் போதுமாயிருந்தது. அன்றே கோவையில் ‘திருட்டு’ என்று எழுதி என்னை நிறுத்தினீர்கள்.

4. வெள்ளி மகளிடமே போய்ச் சேர்ந்தது. ஆயினும் தாயை ஊசி குத்திய சட்டையோடுதான் புதைத்தார். தூர நின்று பார்த்தேன்.

5. இப்போது விழா மண்டபமொன்றில் பாத்திரம் கழுவுகிறேன். சென்ற சனிக்கிழமை அங்கே ஹங்கேரியரின் நடன விருந்து. உடைமாற்றும் அறையில் யாருக்கோ உதவி தேவையென்று என்னை அனுப்பினார்கள். போனால், அந்த மகள். தாயினுடையதைப் போன்ற வெல்வெட் சட்டை அணிந்திருந்தார். கொளுக்கி மாட்டத் தெரியவில்லை. என்னைத் திரும்பியும் பாராமல் முடிச்சை நீட்டினார். நான் முடிந்த அதே வெள்ளைத் துணி. பன்னிரண்டையும் மாட்டி, ஒட்டியாணத்தையும் பூட்டிவிட்டேன். அவர் நன்றிகூடச் சொல்லாமல் ஆடப் போனார்.

6. வேலையைத் திரும்பக் கேட்கவில்லை, ஐயா. அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிடுங்கள். கள்ளியின் கையில் தாயின் வெள்ளியைத் தானே ஏன் கொடுத்தார் என்று அந்த மகளை அழைத்துக் கேளுங்கள். என் முகம் நினைவில்லை என்பாராயின், கள்ளி இவள்தான் என்று எந்த முகத்தைப் பார்த்துச் சொன்னார் என்றும் கேளுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ச. இராஜரட்ணம்

இடம்: ரொறன்ரோ
திகதி: 06.05.1997