நாற்பதுக்கு நாற்பது

அன்புள்ள சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் ஏதோ நலம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற நம் குட்டி ராஜாத்தி நேற்றைவிட இன்று கொஞ்சமாவது தேறியிருக்கிறாளா என்பதைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பே இல்லை. போனில் உன் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேனோ, நீயும் அழுதுவிடுவாயோ என்று பயந்து மழை வெயில் என்று எதையாவது உளறிவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையின் சிநேகிதர் நாளை அங்கே புறப்படுகிறார், அவரிடம் இதையும் போர்வையையும் ஒரே பொட்டலமாகக் கொடுத்துவிடுவேன்.

போர்வை என்றதும் ஆசையாகப் பிரித்துவிட்டு இது என்ன கைக்குட்டையா என்று சிரிக்காதே, கதையைக் கேள். நீ முழுகாமல் இருக்கிறாய் என்று தெரிந்ததுமே குழந்தைக்கு ஒட்டுத்துணியில் போர்வை தைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நாற்பதுக்கு நாற்பது இருந்தால் தொட்டிலுக்குச் சரியாக இருக்கும்மா என்று நீதான் சொன்னாய். அப்போதுதான் உங்கப்பா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுக்கையில் கிடந்தார். மின்விசிறி ஏன் ஆடுகிறது, நான் ஏன் இருமுகிறேன் என்று தொட்டதற்கெல்லாம் கோபம். கொஞ்ச நேரம் வாய் ஓயட்டுமே என்று, நாற்பதுக்கு நாற்பது போர்வைக்கு ஒரு டிசைன் போட்டு, துணி வெட்ட அட்டையும் அளந்து கொடுங்கள் என்றேன். மனிதர் உயிர் வந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஓரமெல்லாம் கருநீலம், உள்ளே போகப் போக வெளுப்பு, நட்டநடுவில் மட்டும் மஞ்சள், இருட்டு வீட்டில் ஒரு ஜன்னலில் விளக்கு எரிகிற மாதிரி வரவேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். வாழ்நாள் முழுக்க அலுமினிய ஜன்னல் செய்தவருக்கு வேறு என்ன தோன்றும்.

அட்டையைக் கையில் வாங்கியதும் இத்துனூண்டு இருக்கிறதே என்றேன். அதெல்லாம் சேர்க்கச் சேர்க்கப் பெருசாகும், நீ வெட்டு என்றார். நானும் வெட்டினேன். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வீங்கின காலோடு வந்து, அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, அப்புறம் தைக்க உட்காரும்போது யோசிக்கிற புத்தி எங்கே இருக்கும் சொல். நீலத்துக்கு அவருடைய பழைய சட்டைகள், வெளுப்புக்குத் திரைச்சீலை, மஞ்சளுக்கு என் நைட்டி. ஆமாம், தூக்கிப் போடும்மா என்று நீ திட்டிக்கொண்டே இருப்பாயே, அதேதான். எல்லாவற்றையும் இணைத்துத் தரையில் விரித்தால் முக்காலி மேல் போடுகிற துணி மாதிரி கிடக்கிறது. டேப்பை எடுத்துப் பார்த்தேன். தைக்கிறவளுக்கு நாற்பது என்றால் இன்ச். அவர் அளந்திருப்பது டேப்பின் மறுபக்கம், சென்டிமீட்டர். கேட்டால், எங்க கம்பெனில நாப்பதுன்னா சென்டிமீட்டர்தான், எவன் இன்ச்சுல பேசுவான் என்று என்மேலேயே பாய்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைச் சுருட்டி அலமாரிக்குள் எறிந்துவிட்டு நாலைந்து நாள் அவரோடு பேசவில்லை. திரும்ப ஆரம்பிக்க உடம்பில் தெம்பும் இல்லை. குழந்தை பிறக்கத்தான் இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவள் அவசரப்பட்டு வந்துவிட்டாள். ரெண்டு கைக்குள்ள அடங்கிடுவாம்மா என்று நீ சொன்ன அன்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்புறம் ஒருநாள் நர்ஸ் சொன்னதைச் சொன்னாய், சின்னத் துணி ஒன்றை நீ உன் உடம்போடு வைத்திருந்து கொடுத்தால் பெட்டியில் அவள் பக்கத்தில் வைப்பார்கள், அம்மா வாசனை இருந்தால் குழந்தை அமைதியாகத் தூங்கும் என்று. எவ்வளவு பெரிய துணி என்று கேட்டேன், தலையணை உறையைவிடச் சின்னதாக இருக்கணுமாம் என்றாய். போனை வைத்ததும் உங்கப்பா படுத்த வாக்கிலேயே, அலமாரில கெடக்குதே, அதை எடு என்றார். பாத்தியா, என் அளவுதான் சரியாப் போச்சு என்று அவர் ஜம்பம் அடித்திருந்தால்கூட அன்றைக்கு எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கனமாக இருக்கக் கூடாது என்று நடுவில் பஞ்சு வைக்காமல் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்துத் தைத்தேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்ததெல்லாம் அவர்தான். கடைசி ஓரத்தை மடித்து முடிச்சுப் போட்டதும் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், களைப்புதான் வந்தது. அவள் பிழைத்து வரவேண்டுமே என்று ஒவ்வொரு தையலிலும் பயந்தேன், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. உன் பக்கத்தில் இருக்க வேண்டியவள் இங்கே கிடக்கிறேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது. உங்கப்பாவைத் தூக்கி நடக்கவைக்க என்னை விட்டால் ஆள் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. ஆஸ்பத்திரி நாற்காலியில் முதுகுக்கு ஏதாவது அண்டக் கொடுத்துக்கொண்டு உட்கார். மாப்பிள்ளை மேல் எரிந்து விழாதே, அவரும் தூக்கம் கெட்ட மனிதர்தானே.

நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அவள் மளமளவென்று வளர்ந்து, ஏன் தாத்தா இவ்வளவு சின்னதாக அளந்தாய் என்று அவரோடு சண்டை போட வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. பொட்டலத்தைப் பிரித்ததும் போர்வையைத் துவைக்கப் போட்டுவிடாதே. குழந்தைக்கு வைப்பதற்கு முன்னால் வெந்நீரில் துவைக்கத்தான் வேண்டும், துவைத்து உன் உடம்போடு வைத்திருந்து கொடு. அதற்கு முன்னால் ஒரே ஒரு ராத்திரி அதை முகத்தோடு வைத்துக்கொண்டு நீ தூங்கு. தைத்து முடித்த நாளிலிருந்து நான் அதை நெஞ்சில் போட்டுக்கொண்டுதான் படுத்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா